நின்றபோது ஓடிய கேமரா

கோயிலுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கல்யாண வீடியோ எடுத்தவன் நான். கண்ணில் நோய் ஒன்றும் இல்லை. கோயிலுக்குள் வெயிலும் அடிக்கவில்லை. சினிமா ஒளிப்பதிவாளர்கள் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கும் படங்களை வார இதழ்களில் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். அவர்கள் எல்லாரும் வெட்டவெளியில் நிற்கிறார்கள் என்பதும் அந்தப் படங்களில் தெரிந்துதான் இருக்கும். நான் கண்ணாடியை மட்டும் பார்த்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். ஜாசினில் இன்னும் சாட்சிகள் இருக்கிறார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் "அந்தக் காலத்து அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணே" என்று கேட்டீர்கள். அந்தக் காலம் என்று நீங்கள் சொல்வது தொண்ணூறுகளை என்று பிறகுதான் புரிந்தது. எனக்கு அது போன வாரம் மாதிரி இருக்கிறது. முழங்கால் மட்டும் உங்கள் கட்சி. லென்ஸ், வெளிச்சம் பற்றியெல்லாம் எழுத மாட்டேன். நான் தோளில் சுமந்த கேமரா ஓர் அரிசி மூட்டையின் கனம்; அதன் அறிவும் கிட்டத்தட்ட அரிசி மூட்டையுடையதுதான். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிக்கு நான் எதையும் கற்றுத்தர முடியாது.

ஆனால் ஒன்று சொல்லலாம். அப்போது மலாக்காவின் ரப்பர்த் தோட்டங்களில் கல்யாண வீடியோ என்பது கல்யாண வீட்டாரின் சொத்து இல்லை. தோட்டத்தின் பொதுச்சொத்து. டேப் தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து வீட்டில் போடுவார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் அத்தனை பேரும் பாயோடு வந்துவிடுவார்கள். சினிமாவைவிட இதற்குக் கூட்டம் அதிகம், ஏனென்றால் இதில் அவர்களே நடித்திருந்தார்கள். திரையில் யார் எத்தனை தடவை வருகிறார்கள் என்பதில் உறவே நிற்கும், உடையும். வந்தவர் ஒவ்வொருவரும் சாப்பிடுவதையும் எடுத்தாக வேண்டும். கையில் சோற்றுருண்டையோடு இருப்பவர் முகத்தில் நாங்கள் போய் ஆயிரம் வாட் விளக்கை அடிப்போம். அவர் மெல்வதை நிறுத்திவிட்டு, பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தது போல் விறைப்பார். வாழையிலையில் தயிர் இளகும். நாங்கள் நகர்ந்தால்தான் அவர் விழுங்குவார். ஒரு தலைமுறையே விழுங்காத நிலையில் எங்கள் டேப்புகளில் பதிவாகியிருக்கிறது.

அப்புறம் பாட்டு. கல்யாண வீடியோவில் மௌனம் என்பது கிடையாது. மேளம் நின்றால் பாட்டு, பேச்சு வந்தால் அதன்மேல் பாட்டு. பொண்ணு ரோஜாப்பூவுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். பத்து பகாட் ஊரைத் தாண்டிப் போகாத மாப்பிள்ளை பனிமலைக்கு மேலே மிதக்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்தவர் எங்கள் ஸ்டூடியோவில் எடிட்டிங் பார்த்த அக்கா. ஜாசின் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த மாடியறையில் கவுண்டரில் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பதும் அவர்தான், பனிமலை போடுவதும் அவர்தான். என் இடுப்பில் ஒரு பேஜர் இருந்தது. அதற்குச் செய்தி அனுப்பிய ஒரே மனிதரும் அவர்தான். பெரும்பாலும் "எங்கே தொலைந்தாய்" என்ற பொருளில்.

ஒருநாள் தனம்மா என்கிற அம்மா கடைக்கு வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபின் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலைக்கு வேன் ஏறிப் போய்வந்தார். மூத்த மகளும் அங்கேதான் வேலை. அங்கேயே பேக்கிங் பிரிவில் இருந்த ஆயர் குரோ ஊர்ப் பையன் ஒருவனைப் பிடித்துப் போய், வீட்டிலும் ஒத்துக்கொண்டு, தோட்டத்துக் கோயிலிலேயே கல்யாணம்.

எல்லாம் பேசி முடித்துவிட்டுப் படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார்.

"தம்பி, தாய்மாமன் மாலை போடுறது, சீர் கொண்டாறது, அதுக்கெல்லாம் தனியா இடம் விட வேணாம். அவரு வரமாட்டாரு."

"வெளியூரா, மா?"

"அடுத்த தோட்டம்."

அக்கா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அக்காவுக்கு ஆர்வம் வந்துவிட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அதற்கப்புறம் எதிரில் இருப்பவர் எதையும் மறைக்க முடியாது.

விஷயம் இதுதான். தனம்மாவின் ஒரே அண்ணன் வீராசாமி. செம்பனை லோரி ஓட்டுபவர். பெண்ணைத் தன் மகனுக்குத்தான் கட்டுவது என்று அவள் தொட்டிலில் கிடக்கும்போதே முடிவு செய்திருந்தார். பெண் வேறு பக்கம் பார்த்துவிட்டாள். அவர் மகனுக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. அவனும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் பெரியவர் லயத்தில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்: "இனி உன் வீட்டு வாசப்படியையும் என் கால் மிதிக்காது, உன் மக கல்யாண வாசப்படியையும் மிதிக்காது."

"சும்மா கோவத்துல சொல்லியிருப்பாரு லா," என்றார் அக்கா.

"உங்களுக்கு எங்க அண்ணனத் தெரியாது. சின்ன வயசுல ஒரு தடவ காப்பி குடிக்க மாட்டேன்னு சொன்னாரு. இன்னிக்கி வரைக்கும் குடிக்கல." தனம்மா கொஞ்சம் சிரித்தார். அப்புறம், "மாமன் ஆசீர்வாதம் இல்லாம மணவறை ஏறுது எம் புள்ள. ஊர்ல அதான் பேச்சு. எனக்கும் அதான்," என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டார்.

கல்யாணத்தன்று நான் கறுப்புக் கண்ணாடி, தொப்பி, பேஜர் சகிதம் கோயிலில் இறங்கினேன். நூலகத்தில் ஒளிப்பதிவு பற்றித் தடித்த புத்தகம் ஒன்றைப் படித்து முடித்திருந்த நேரம் அது. நிழலுக்கும் மன உணர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி அதில் ஓர் அத்தியாயமே இருந்தது. பொத்தானை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும் என்பது அதில் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்று விட்டிருப்பார்கள்.

எங்கள் கேமராவில் ஒரே பொத்தான்தான். ஓடுகிறதா நிற்கிறதா என்பது கண் வைத்துப் பார்க்கும் சின்னத் துளைக்குள் ஆங்கில எழுத்தில் தெரியும். எழுத்து இருந்தால் ஓடுகிறது. இல்லாவிட்டால் நிற்கிறது. அந்தத் துளைக்குள் படமே கறுப்பு வெள்ளையில் மங்கலாகத்தான் தெரியும். அதைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பெண் வந்து மணவறையில் உட்காரும்வரை எல்லாம் சரி. பிறகு எங்கேயோ, யாரோ முழங்கையை இடித்ததில், பொத்தான் ஒரு தடவை கூடுதலாக அழுந்தியிருக்கிறது. அங்கிருந்து என் தொழில் தலைகீழாகிவிட்டது. நான் ஓடவிட்டதாக நினைத்தபோதெல்லாம் கேமரா நின்றது. நிறுத்தியதாக நினைத்தபோதெல்லாம் ஓடியது. எனக்குத் தெரியாது. கெட்டிமேளம் கொட்டியது, நான் மிகுந்த உணர்ச்சியோடு ஒரு கால் மடக்கி நின்று எடுத்தேன். நிழல் பற்றிக்கூட யோசித்தேன்.

தாலி கட்டி முடிந்து, வரிசையாக எல்லாரும் அட்சதை போட ஆரம்பித்ததும் கேமராவை "நிறுத்தி"விட்டு, கோயிலுக்கு வெளியே செருப்புகள் குவிந்துகிடந்த இடத்துக்குப் பக்கத்தில் முக்காலித் தாங்கியை நாட்டி, அதன்மேல் வைத்துவிட்டு நின்றேன். தகரக் கொட்டகையின் கீழ் பெண்கள் குடிக்க இனிப்புச் சிரப் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கதவு வழியாக மணவறை நேராகத் தெரியும், தூரத்தில்.

ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, அதில் மடிப்பு இன்னும் கலையவில்லை. செருப்பைக் கழற்றவில்லை.

"தம்பி, இந்த மிஷின்ல தூரத்துல இருக்கறது கிட்ட தெரியுமாமே?"

"தெரியும்ங்கய்யா."

"ஒரு தடவ பாக்கலாமா?"

"உள்ள போயே பாக்கலாமே, கூட்டம் கம்மிதான்."

"இல்ல. இங்கேர்ந்தே."

விளக்கம் கொடுக்க ஆள் கிடைத்தால் நான் விடுவேனா? பெண்ணின் முகம் முழுக்கத் தெரிகிறமாதிரி கிட்டே இழுத்து வைத்து, "பாருங்க," என்று ஒதுங்கினேன். அவர் கண்ணை வைத்தார். உடனே எடுத்தார்.

"இது ஓடுதா?"

"இல்லைங்க, நிப்பாட்டிட்டேன். சும்மா பாருங்க."

"உள்ள ஏதோ எழுத்து தெரியுதே."

"அது கம்பெனி பேருங்கய்யா."

அவர் மறுபடி கண்ணை வைத்தார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நின்றார். நான் கேட்கவில்லை. சிரப் தண்ணீர் கொடுக்கும் பெண்கள் என் கண்ணாடியைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கத்தான் செய்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் ஸ்டூடியோவில் அக்கா டேப்பைப் போட்டார். பெண் வந்தாள், உட்கார்ந்தாள். ஐயர் தட்டைத் தூக்கினார். திரை வெட்டியது. அடுத்து ஒரு சிமெண்டுத் தரை. அதில் சிதறிய அரிசி. ஒரு ஜோடிக் கால் வந்து நின்றது, போனது.

"இது யாரு காலு?" என்றார் அக்கா.

"தெரியலக்கா."

இன்னொரு ஜோடிக் கால் வந்தது. ஒரு குழந்தை தரையிலிருந்து பூவை எடுத்து வாயில் போட்டது. எங்கேயோ ஒரு பெண் குரல், "அந்த வீடியோக்காரனுக்குக் கண்ணு தெரியாதா, பாவம்," என்றது.

"தாலி எங்க?"

நான் டேப்பின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"டேய், தாலி எங்கடா?"

ஒரு தொழில்காரனுக்கு இதைவிட எளிமையான கேள்வி இருக்க முடியாது. அதற்கு இதைவிட மோசமான பதிலும் இருக்க முடியாது. அக்கா என்னைத் திட்டியதை எழுதப் போவதில்லை, நீங்கள் இளம்பிள்ளைகள். திட்டி முடித்தபின் அவர் நல்ல புத்தி ஒன்று சொன்னார். அப்போது அது புத்தியாகத் தெரியவில்லை. "கேமரா கெட்டுப் போச்சுன்னு சொல்லிடலாம்" என்று நான் ஆரம்பித்ததும் வெட்டினார்: "கேமரா மேல பழி போடாத. அது நாளைக்கும் நமக்குச் சோறு போடணும்." ஃபோட்டோ எடுத்தவரிடம் தாலி கட்டும் படங்களை வாங்கி, அவற்றைக் கேமராவில் பிடித்து, வேறொரு கல்யாணத்தின் கெட்டிமேளத்தைச் சேர்க்கலாம். ஆனால் தனம்மாவிடம் முதலில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் தலையாட்டினேன். டேப் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த முகம் வந்தது.

திரை நிறையப் பெண். மாலைக்கு மேலே அவள் முகம் மட்டும். யாரோ அட்சதை போடுகிறார்கள், கண்ணை மூடித் திறக்கிறாள், சிரிக்கிறாள், சிரிப்பு முடிந்தும் உதட்டோரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. படம் லேசாக நடுங்கியது. யாரோ மூச்சு விடுவதற்கேற்ப ஏறி இறங்கியது. நான் அதுவரை எடுத்த எந்தப் படத்திலும் அப்படி ஒரு முகம் வந்ததில்லை. இதையும் நான் எடுக்கவில்லை.

அப்புறம் குரல். மைக்குக்கு மிகக் கிட்டே.

"எங்க... ஆங். இந்தா இருக்கு."

கொஞ்சநேரம் மூச்சு மட்டும்.

"மாலை கோணலாக் கெடக்கு. எடுத்து விட ஒருத்தனுக்கும் கையில்ல... மாப்பிள்ள பரவால்ல. தொப்பதான் கொஞ்சம்... சாம்பார்ல புளிய அள்ளிக் கொட்டிட்டானுங்க, இங்க வரைக்கும் வாடை."

மறுபடி மூச்சு.

"எங்க ஆத்தா நெத்தி. அப்படியே எங்க ஆத்தா நெத்தி." பிறகு மிக மெதுவாக, "நல்லா இரு தாயி. நல்லா இரு." பிறகு அடக்கப் பார்த்து அடங்காத ஒரு சத்தம்.

அதன்மேல் என் குரல், துல்லியமாக: "ஐயா, அந்தக் கண்ணு வைக்கிற ரப்பர்ல ஈரம் படக்கூடாதுங்க, கெட்டுடும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். வாழ்க்கையில் என்னைப் பலபேர் பலவிதமாகப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பார்வையை நான் இன்னும் செலவழித்து முடிக்கவில்லை.

பிறகு பேனாவைக் கீழே வைத்தார். டேப்பைப் பின்னால் ஓட்டினார். மறுபடி போட்டார். "ஆளு எப்படி இருந்தாரு? உள்ள ஏன் போகல? செருப்பு?"

"கழட்டல."

"மாலை கோணலா இருக்குன்னு எவனுக்குடா வயிறு எரியும்? போட வேண்டியவனுக்குத்தான்." நாற்காலியில் சாய்ந்தார். "வாசப்படிய மிதிக்கல, பாத்தியா. சொன்ன சொல்லு தப்பல. வந்துட்டும் போயிட்டாரு."

நான் உற்சாகமாகிவிட்டேன். "அக்கா, இந்த முகத்துமேல ஒரு நல்ல பாட்டு போட்டா குரல் மறைஞ்சிடும். தாலி போன குறையும் தெரியாது."

"நீ அவருகிட்ட என்ன சொன்ன? ஓடலன்னு சொன்ன. அத நம்பித்தானே பேசினாரு. அப்ப அது அவரு பேச்சு, நம்ம சரக்கு இல்ல. பாட்டப் போட்டு மூடுறதுக்கும் நமக்கு உரிமையில்ல, எல்லாருக்கும் போட்டுக் காட்டறதுக்கும் உரிமையில்ல."

"அப்ப என்னதான் செய்யறது?"

"அதான் யோசிக்கிறேன் லா. வாய மூடு."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். அந்தப் பெரியவரிடம்தான் முதலில் போய்க் கேட்டிருக்க வேண்டும். அது எனக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அவர்தான் வீராசாமி என்று எங்களுக்கு உறுதியாகத் தெரியாது. வேறு யாராவதாக இருந்து, நாங்கள் போய்க் கதவைத் தட்டி "நீங்கள் அழுதீர்களா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? குரலை அடையாளம் சொல்லக்கூடியவர் தனம்மா ஒருவர்தான். அடையாளம் சொல்ல வேண்டுமானால் அவர் அதைக் கேட்டாக வேண்டும். எப்படிச் சுற்றினாலும் யாரையாவது ஏமாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. இன்றும் அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்க்கிறேன், அவிழவில்லை. அக்கா யோசித்தது இவ்வளவுதான்: யாரை ஏமாற்றினால் பிறகு போய் முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்க முடியுமோ, அவரை, அதாவது அந்தப் பெரியவரை, ஏமாற்றலாம்.

தனம்மா வேலை முடிந்து தொழிற்சாலை யூனிஃபார்மோடேயே வந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை வீடியோ என்று லயத்துக்கே சொல்லியாகிவிட்டதாம். அக்கா தேத்தண்ணி வாங்கிவரச் சொன்னார். நான் வாங்கிவருவதற்குள் தாலி விஷயத்தை அவரே சொல்லிவிட்டார். இதற்கு நான் இன்றும் நன்றியுள்ளவன்.

நான் வந்தபோது தனம்மா என்னை நேராகப் பார்த்தார்.

"தம்பி, ஒரு கல்யாணத்துல மேளக்காரன் வராட்டியும் பரவால்ல, சோறு கொழைஞ்சாலும் பரவால்ல. தாலிய விட்டுட்டியே பா."

"மன்னிச்சிடுங்கம்மா."

"அந்தக் கண்ணாடிய நான் பாத்தப்பவே நெனச்சேன்."

அக்கா குறுக்கிட்டார். "மா, இன்னொண்ணு இருக்கு. அது யாருன்னு நீங்கதான் சொல்லணும். வேணாம்னா வேணாம்." கதவைச் சாத்திவிட்டு டேப்பைப் போட்டார்.

"எங்க... ஆங்" என்ற முதல் சொல்லிலேயே தனம்மாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. மாலை கோணல் என்றபோது "ஆமா, கோணலாத்தான் இருந்துச்சு," என்று திரையைப் பார்த்துப் பதில் சொன்னார். சாம்பாருக்கு "வாய்க்கொழுப்பு" என்றார். ஆத்தா நெற்றி என்றபோது நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டார். என் ரப்பர் வசனம் வந்ததும் அக்கா நிறுத்தினார்.

"மறுபடி போடு," என்றார் தனம்மா.

போட்டார். மறுபடியும் போட்டார். தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

"தாலி கட்டினத நான் கண்ணால பாத்தேன்," என்றார் கடைசியில். "இதத்தான் பாக்கல."

பாட்டுப் போட்டுக் கொடுக்கட்டுமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றார். அப்படியே விடட்டுமா என்றதற்கும் வேண்டாம். "பேச்சையும் எடுத்துடு, பாட்டும் போடாத. மொகம் மட்டும் இருக்கட்டும்."

"சத்தமே இல்லாட்டி டிவி கெட்டுப் போச்சுன்னு நெனப்பாங்க, மா."

"நெனக்கட்டும்." எழுந்தவர் என் பக்கம் திரும்பினார். "நீ போயி எங்க அண்ணனப் பாரு. ஞாயித்துக்கிழம சாயந்திரம் வீடியோ போடறோம்னு சொல்லு. மிஷின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சுன்னும் நீயே சொல்லு."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போனேன். கண்ணாடி போடவில்லை. அவர் லோரிக்கு அடியில் கிடந்தார். என் காலைப் பார்த்து வெளியே வந்தார்.

"ஐயா, என்னைத் தெரியுதுங்களா?"

"கண்ணாடி இல்லாம ஆளு சின்னப் பையனா இருக்க."

"அன்னிக்கு அந்தக் கேமரா... ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சுங்கய்யா."

கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எது வரைக்கும்?"

"எல்லாம்."

"சாம்பாரச் சொன்னது?"

"அதுவும்."

"மாப்பிள்ள தொப்ப?"

"அதுவும்ங்க."

மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை.

"யாரு கேட்டா?"

"நானு, ஸ்டூடியோ அக்கா, உங்க தங்கச்சி. வேற யாரும் கேக்க மாட்டாங்க. டேப்புலேர்ந்து எடுத்தாச்சு. ஞாயித்துக்கிழம சாயந்திரம் வீடியோ போடுறாங்க. உங்கள வரச் சொன்னாங்க."

"நான் அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன். சொன்னா சொன்னதுதான்."

"சரிங்கய்யா."

"நான் அப்பவே கேட்டேன்ல, உள்ள எழுத்து தெரியுதுன்னு?"

"கேட்டீங்க."

"கம்பெனி பேருன்னு சொன்ன."

"சொன்னேங்க."

"என்ன கம்பெனி?"

நான் மோட்டாரை உதைத்துக் கிளப்பினேன்.

பதிலைத் தனம்மாவிடம் போய்ச் சொன்னேன். வாசப்படி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் ஒரு நிமிஷம் தன் வீட்டு நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நானும் அக்காவும் போனோம். பொதுவாக நாங்கள் போவதில்லை; பார்வையாளர்கள் கையில் கிடைக்கிற தூரத்தில் கலைஞன் இருக்கக் கூடாது. ஆனால் அக்காவால் இருப்புக்கொள்ள முடியவில்லை. லயத்தில் போய்ப் பார்த்தால் வீட்டுக்குள் டிவி இல்லை. மேசையோடு தூக்கி வெளியே, லயத்துக்கு முன்னால் இருந்த பொட்டலில் வைத்திருந்தார்கள். சன்னல் வழியாக வயர். மழை வருமா என்று மாப்பிள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், கையில் ஒரு தார்ப்பாய். "எதுக்கு மா வெளிய? சாமான் நனைஞ்சா என்ன ஆவறது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "உள்ள புழுக்கமா இருக்கு," என்றார் தனம்மா. காற்று ஜிலுஜிலுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

பாதி ஓடியபோது கூட்டத்துக்குப் பின்னால் லோரி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் அங்கேயே, ரம்புத்தான் மரத்தடியில் கைகட்டி நின்றார். ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. தனம்மா திரும்பவில்லை. டிவியைப் பார்த்தபடியே உரக்கச் சொன்னார்:

"அண்ணே, நீ சொன்ன சொல்லு அப்படியே இருக்கு. உன்னை யாரும் வாசப்படிய மிதிக்கச் சொல்லல. டிவிதான் தாண்டி வந்திருக்கு. வந்து பாயில உக்காரு, பின்னாடி இருக்கவங்களுக்கு மறைக்குது."

பின்னாடி அவரைத் தவிர யாரும் இல்லை.

அவர் வந்தார். கல்யாணப் பெண் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்ததும் பக்கத்திலேயே ஒண்டிக்கொண்டாள். நம் ஆட்களுக்குப் பேசுவதற்குத்தான் காரணம் வேண்டும், பேசாமலிருக்க ஒரு டிவி போதும்.

ஒட்டுப்போட்ட தாலிக்கட்டு ஓடியது. ஃபோட்டோக்கள் ஒவ்வொன்றாக மாற, வேறு யாருடைய கல்யாணத்துக் கெட்டிமேளமோ முழங்கியது. "இது புது ஸ்டைலா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, லேட்டஸ்ட்," என்றார் அக்கா, கண் இமைக்காமல்.

பிறகு அந்த முகம் வந்தது. சத்தம் நின்றது.

கல்யாண வீடியோவில் மௌனத்தைக் கேட்டே பழகாத கூட்டம். ஒருவர் ஓடிப்போய் டிவியின் விலாவில் ஓங்கி அடித்தார். இன்னொருவர் வயரை ஆட்டினார். ஒரு பையன் ஒலிப் பொத்தானைத் திருகினான்.

"விடுங்க," என்றார் தனம்மா. "அது அப்படித்தான்."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். செம்பனைத் தோப்புப் பக்கமிருந்து பூச்சிச் சத்தம் மட்டும் வந்தது. அந்தப் பெண் திரையில் கண்ணை மூடினாள், திறந்தாள், சிரித்தாள். அந்த மௌனத்துக்குள் என்னென்ன சொல் கிடக்கிறது என்று அங்கே நாலு பேருக்குத்தான் தெரியும். நான் பெரியவரைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. அவர் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் தலையில் கைவைத்து, முடியை ஒதுக்குவதுபோல, நெற்றியை ஒருதரம் தடவினார். கையை எடுக்கவில்லை.

மௌனம் முடிந்து பந்திக் காட்சி வந்தது. அதிலும் நான் எடுத்ததாக நினைத்தது ஒன்றும் இல்லை. எடுக்காததாக நினைத்ததுதான் இருந்தது. அதனால் எங்கள் தொழில் வரலாற்றில் முதல்முறையாக ஜனங்கள் விழுங்கினார்கள். முதல் பந்தியில், முதல் ஆளாக, பெரியவரின் மகன் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். லயமே கைதட்டிச் சிரித்தது. "டேய், நீ எப்படா போன?" என்றார் பெரியவர். மகன் கூட்டத்திலிருந்து எழுந்து இருட்டுப் பக்கம் நகர்ந்தான்.

இந்தத் தொழிலில் நீங்கள் எதை எடுக்கிறீர்கள் என்பது பெரிய விஷயம் இல்லை, பிள்ளைகளே. இப்போது எல்லாரும் எல்லாவற்றையும் எடுக்கிறார்கள். எடுத்ததில் எதை, யாருக்கு, எந்த அளவுக்குக் காட்டுவது என்பதுதான் வேலை. அதைப் புத்தகத்தில் தேடாதீர்கள். நான் தேடிவிட்டேன். ஒருவரிடம் "ஓடவில்லை, சும்மா பேசுங்கள்" என்று சொல்வதற்கு முன்னால், தயவுசெய்து, ஒரு தடவை உற்றுப் பாருங்கள். சொல்லிவிட்டீர்களானால் அதற்கப்புறம் பதிவானதற்கு நீங்கள் காவல்காரர், சொந்தக்காரர் இல்லை.

இவ்வளவு ஞானமும் அப்போதே எனக்கு வந்துவிட்டது போலத்தான் ஸ்டூடியோவில் சில மாதங்கள் நடமாடினேன். ஓர் அண்ணனையும் தங்கையையும் சேர்த்துவைத்தவன் என்று எனக்குள் ஒரு மிதப்பு. அதனால் ஒருநாள் தனம்மாவும் வீராசாமியும் சேர்ந்து படியேறி வந்தபோது நான் எழுந்து நின்றேன். பெரியவரின் மகனுக்குக் கல்யாணமாம். அத்தை என்ற முறையில் தனம்மாதான் எல்லாம் முன்னின்று செய்கிறாராம். வீடியோவுக்கு எங்களிடம்தான் வந்திருக்கிறார்கள். நான் வாய் நிறையச் சிரித்து, "கவலையே படாதீங்கய்யா, நானே நேர்ல வந்து எடுத்துத் தரேன்," என்றேன்.

பெரியவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"மிஷின மட்டும் குடுங்கம்மா, போதும். தம்பி சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்."